பச்சை பிடித்த காசுகள்

அப்பா இறந்து இரண்டு வருடம் வரை அவருடைய தகரப் பெட்டியை நாங்கள் திறக்கவில்லை. திறக்க வேண்டிய நாள் 1991 ஜூலையில் வந்தது. அம்மாவின் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆபரேஷன் இலவசம். வால்வை மட்டும் நாங்கள் வாங்கித் தர வேண்டும். டாக்டர் ஒரு துண்டுச் சீட்டில் விலையை எழுதி அண்ணனிடம் கொடுத்தார். இருபத்திரண்டாயிரம்.

"மழைக்கு முன்னாடி பண்ணிடணும். ஒரு தடவை நெஞ்சுல சளி கட்டிச்சுன்னா இவங்க தாங்க மாட்டாங்க" என்றார்.

அண்ணன் ஜெயபால் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான். நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்து, வேலப்பன்சாவடியில் ஒரு தனியார் கல்லூரியில் லேப் அசிஸ்டன்டாக இருந்தேன். சம்பளம் நானூற்றைம்பது. அப்பாவின் பி.எஃப். பணத்தில் வீட்டுக்குத் தளம் போட்டிருந்தோம். ஆனால் இடம் புறம்போக்கு. பட்டா இல்லாத வீட்டை நம்பி எந்த பேங்கும் கடன் தராது. அம்மாவின் நகைகள் அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கே போய்விட்டன. மிச்சம் இருந்தது அந்தப் பெட்டிதான்.

அப்பா இக்னேஷியஸ், ஐயப்பன்தாங்கல் டெப்போவில் கண்டக்டர். பையில் விழும் வித்தியாசமான காசை எடுத்துக்கொண்டு தன் சொந்தக் காசை அதில் போட்டுவிடுவார். ஓட்டைக் காலணா, சதுர இரண்டணா, ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய். பிறகு பூந்தமல்லி காயலான்கடைகளில் பழைய செம்பு மூட்டையைக் கிளறி வாங்க ஆரம்பித்தார். லீவு நாளில் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்து, காசின் விளிம்பை மட்டும் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருப்பார். எங்களைத் தொட விட்டதில்லை. ஏன் என்று சொன்னதுமில்லை. "பொண்டாட்டி கையே படக் கூடாதாம், துரைக்கு" என்று அம்மா சொல்வாள்.

பெட்டிக்குள் இருநூற்று முப்பத்தொரு காசுகள் இருந்தன. வெள்ளிக் காசுகள் ஒவ்வொன்றும் பட்டர் பேப்பரில் மடித்திருந்தன. அடியில் ஒரு மாத்திரை டப்பா. அதற்குள் பஞ்சு, பஞ்சின் மேல் பதினேழு செப்புக் காசுகள். கறுப்பும் பச்சையுமாகக் களிம்பு ஏறி, குப்பையில் பொறுக்கியவை போல இருந்தன. கூடவே ஒரு நோட்டு, டிக்கெட் கணக்குத் தாள்களின் பின்பக்கத்தை வைத்து அவரே தைத்தது. எண், கிடைத்த இடம், எடை என்று கோடு போட்டு எழுதியிருந்தார். கடைசியில் 'நிறம்' என்று ஒரு பத்தி. செப்புக் காசுகளுக்கு மட்டும் அதை நிரப்பியிருந்தார். 'ஆலிலைப் பச்சை.' 'காப்பிக்கொட்டை.' 'மேலே பச்சை, காளையின் முதுகில் மட்டும் சிவப்பு.' அழுக்கைக்கூட எழுதி வைத்திருக்கிறாரே என்று நினைத்தேன்.

காசு வாங்குகிறவர் பெயர் மணவாளன். மூர் மார்க்கெட் எரிவதற்கு முன் அங்கே கடை வைத்திருந்தவர். இப்போது அல்லிக்குளத்தில் இருந்தார். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வந்த கொஞ்ச நேரத்தில் வந்தார். பாயில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு சின்ன பூதக்கண்ணாடியை எடுத்தார். அம்மா கட்டிலில் இரண்டு தலையணைகளில் சாய்ந்திருந்தாள். நான் சமையலறைத் திரைக்குப் பின்னால் டீ போட்டுக்கொண்டிருந்தேன். வெளி ஆள் வந்தால் எனக்கு அதுதான் இடம்.

"உங்க நைனா பெரிய ஆளுப்பா" என்றார் மணவாளன். "எங்கிட்ட வாங்கற டாக்டரு, வக்கீலுகூட இப்டி நோட்டு போட்டது கெடையாது."

"அத்த உடு அண்ணாத்தே. ரேட்ட சொல்லு" என்றான் அண்ணன்.

வெள்ளி ரூபாய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒன்றைக் காதருகில் வைத்து நகத்தால் தட்டிக் கேட்டார். மாத்திரை டப்பாவைத் திறந்தார். ஒரே பார்வைதான். "இன்னாது இது, ஒரே களிம்பு" என்று மூடி ஓரமாக நகர்த்திவிட்டு, மறுபடி வெள்ளிக்குப் போனார். அரை மணி நேரம் வெள்ளியையே புரட்டினார்.

"மொத்தமா இருபது" என்றார்.

"இருபதா? இருபத்தஞ்சு வருசம் சேத்தது அண்ணாத்தே. பேரீச்சம்பழத்துக்குப் போட்டாகூட மேல வரும் போலக்கீதே."

"போட்டுட்டு வா. எனக்கும் நாலு பழம் குடு."

அம்மா சிரித்து, மூச்சு முட்டி இருமினாள். மணவாளன் அவளைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இருபதாயிரம் நாயமான வெலப்பா. ரெண்டாயிரம் அட்வான்ஸ் கையில கீது. இப்பவே வாங்கிக்க."

வால்வுக்கு இரண்டாயிரம்தான் குறைந்தது. அதை எப்படியாவது புரட்டியிருக்கலாம். திரைக்குப் பின்னால் நின்று, வாங்கிக்கோ, வாங்கிக்கோ என்று மனதுக்குள் சொன்னேன். வெளியே வந்து சொல்லவில்லை.

"முப்பது" என்றான் அண்ணன். "வால்வு இருபத்திரண்டு. அப்புறம் மருந்து, மாத்திரை, ஆறு மாசம் ரெஸ்ட். முப்பது இல்லாம கை வெக்க முடியாது."

"முப்பது போட எங்கிட்ட மொதல் இல்ல. பெங்களூர்ல ஒரு பார்ட்டி கீறாரு, தேவராஜுன்னு. அடுத்த மாசம் மெட்ராஸ் வராரு. கூட்டியாரேன். அவருக்குப் புடிச்சா முப்பது தருவாரு. எனக்குக் கமிஷன் குடுத்துடு. அதுவரைக்கும் வேற எவனுக்கும் காட்டாதே, சரியா?"

அவர் படியிறங்கியதும் அண்ணன் மாத்திரை டப்பாவை எடுத்துக் குலுக்கினான்.

"பாத்தியாம்மா? வெள்ளியப் பாக்கசொல்ல மூஞ்சி நல்லாத்தான் இருந்திச்சு. இந்தக் கருப்புச் சனியனத் தெறந்தான், மூஞ்சி மாறிடுச்சு. அதான் இருபதுலயே நின்னுட்டான்."

அவன் சொன்னது சரியென்றுதான் எனக்கும் பட்டது.

எங்கள் வீட்டில் அம்மா ஒரு பழக்கம் வைத்திருந்தாள். வெளியே போகிற பொருள் எதுவும் அழுக்காகப் போகக் கூடாது. கடன் வாங்கிய பாத்திரத்தை வாங்கினதைவிடப் பளிச்சென்று திருப்பிக் கொடுப்பாள். அடகுக்குப் போன நகையைக்கூடப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் தேய்த்துத்தான் அனுப்பினாள். கோயிலின் பித்தளைக் குத்துவிளக்குகளும் மெழுகுவர்த்தித் தண்டுகளும் பதினாறு வருடமாக அவள் கையில்தான் இருந்தன. சனிக்கிழமை தோறும் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்ப்பாள். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகும் உட்கார்ந்துகொண்டு தேய்த்தாள். பங்குச் சாமியார் பார்த்துவிட்டு நிறுத்தச் சொன்னார். வேறு ஆள் கிடைக்காமல் விளக்குகள் மங்கிப்போயிருந்தன.

அண்ணன் பேரம் பேசினான். அம்மா ஜெபமாலை சொன்னாள். எனக்கும் ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. வெளி ஆட்களிடம் எனக்குப் பேச வராது. லேபில் மட்டும் கை நடுங்காது.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மதியம், பிராக்டிகல் முடிந்து பெண்கள் போன பிறகு, வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த மாத்திரை டப்பாவை எடுத்து லேப் மேஜைமேல் வைத்தேன். யோசித்துத்தான் செய்தேன். மேலே இருப்பது காப்பர் ஆக்சைடும் கார்பனேட்டும். நீர்த்த கந்தக அமிலத்தில் அது கரையும். செம்பு கரையாது. காசின் உலோகத்தில் ஒரு துளியும் போகாது. பத்து சதவீதக் கரைசல் தயாரித்தேன். தண்ணீரில் அமிலத்தைத்தான் ஊற்றினேன், அமிலத்தில் தண்ணீரை அல்ல. முதலில் ஒரு காசை மட்டும் போட்டுப் பார்த்தேன். விளிம்பிலிருந்து மெல்லிய குமிழிகள் வந்தன. கொஞ்ச நேரத்தில் பீக்கரில் நீலம் பரவ ஆரம்பித்தது. பார்க்க அழகாக இருந்தது. மீதிப் பதினாறையும் போட்டேன்.

சோடா உப்புக் கரைசலில் அலசி, காய்ச்சி வடித்த தண்ணீரில் மூன்று முறை கழுவி, வடிதாளில் பரப்பினேன். பதினேழும் எலிக்குஞ்சு மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தன. மேலெல்லாம் சின்னச் சின்னக் குழி. ஒன்றில் காளை உருவம் இருந்தது. அதன் கொம்பைக் காணவில்லை. முதுகுக் கோடும் மங்கியிருந்தது. அழுக்குதான் அதுவரை கொம்பு மாதிரித் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் அம்மாவுக்குத் தட்டில் போட்டுக் காட்டினேன். அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அடியே! புதுசா அடிச்ச மாதிரி கீதே!"

அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து, மடியில் தட்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காசையும் துடைத்து மினுக்கினாள். இரண்டு காசுக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள். நான் வாங்கி வைக்கப் போனேன். தர மாட்டேன் என்றாள்.

"இத்தினி வருசம் தொட உடல. இப்ப தொடறேன், இன்னா பண்ணுவாரு?" என்று சுவரிலிருந்த அப்பாவின் படத்தைப் பார்த்துச் சொன்னாள். "இப்டி இருக்கும்னு பாவம் அந்த மனுசனுக்கே தெரியாமப் போச்சு."

அண்ணன் வந்தான். ஒரு காசை எடுத்துப் பல்ப் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஓவர்டைம் முடிந்து வந்த களைப்பு. "ம், இப்பதான் பாக்கற மாதிரி கீது. முப்பதுக்கு ஒரு பைசா கொறையக் கூடாது" என்று குளிக்கப் போனான். நான்தான் கழுவினேன் என்று நானும் சொல்லவில்லை. முப்பது கைக்கு வந்த பிறகு அம்மாவே சொல்வாள் என்று வைத்திருந்தேன். அன்று இரவு நான் சந்தோஷமாக இருந்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

செப்டம்பர் முதல் ஞாயிறு மணவாளன் தேவராஜைக் கூட்டிவந்தார். தேவராஜ் ஒல்லியானவர், வெள்ளைச் சட்டை, தமிழில் கன்னட வாடை. வந்ததும் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பாயில் உட்கார்ந்தார். வெள்ளியை அவர் பார்க்கவே இல்லை.

"அந்தச் செம்பு எங்கே?" என்றார்.

அண்ணன் என்னைப் பார்க்காமல் திரைப்பக்கம் கையை நீட்டினான். நான் டப்பாவைக் கொடுத்தேன். அவன் பெருமையோடு மூடியைத் திறந்து தேவராஜ் முன்னால் வைத்தான்.

தேவராஜ் ஒரு காசை விளிம்பில் பிடித்துத் தூக்கினார், அப்பா பிடிக்கிற மாதிரியே. திருப்பிப் பார்த்தார். பஞ்சில் வைத்தார். அடுத்ததை எடுக்கவில்லை. நோட்டைக் கேட்டு வாங்கி, கடைசிப் பத்தியில் விரலை வைத்து மேலிருந்து கீழே படித்தார். பிறகு நோட்டை மூடினார்.

"யார் கழுவினது?"

அண்ணனுக்குப் புரியவில்லை. "ஏன் சார்? நல்லாத்தானே கீது."

மணவாளன் டப்பாவை இழுத்துப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, நாசமாப் போச்சே! டேய், இதாண்டா பணம். பதினேழும் இதுதான். அந்த வெள்ளியெல்லாம் தொணைக்கு. ஆயிரம் வருசத்துக் காச தேச்சா இன்னா இருக்கும்? அந்தப் பச்சைதான் தோலு. எழுத்து, மாடு எல்லாம் அந்தத் தோல்லதான் நிக்கும். தோல உரிச்சிட்டு உசுரு எங்கேன்னா?"

"அன்னிக்கு நீ அத்தப் பாக்கவே இல்லியே!"

"பாத்தா நீ வெல ஏத்துவே! தொழில்ல எவன் வேண்டியத மொதல்ல பாப்பான்?" சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். குரல் இறங்கியது. "அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். நோட்டப் பாத்தேன். இவ்ளோ வெவரமா எழுதினவன் ஊட்ல இதுகூடத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சிட்டேன்."

"யார் கழுவினது?" என்று தேவராஜ் மறுபடி கேட்டார்.

நான் திரையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த நினைவு இருக்கிறது. சத்தம் வரவில்லை.

"நான்தாம்ப்பா" என்றாள் அம்மா.

எல்லாரும் கட்டிலைப் பார்த்தார்கள்.

"புளி போட்டுத் தேச்சேன். கோயில் வெளக்கெல்லாம் நான்தான் தேய்ப்பேன். கை சும்மா இருக்காது. அழுக்கா குடுக்க மனசு வரல."

தேவராஜ் குனிந்து அந்தச் சிவப்புக் காசுகளைப் பார்த்தார். புளி போட்டால் அந்த நிறம் வராது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். நிமிர்ந்து திரைப்பக்கம் பார்த்தார். என் கால் விரல்கள் திரைக்குக் கீழே வெளியே தெரிந்தன. பின்னால் இழுத்துக்கொண்டேன். அவர் அம்மாவைக் கும்பிட்டுவிட்டு எழுந்து வெளியே போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

மணவாளன் வெள்ளியை மட்டும் நாலாயிரத்து ஐந்நூறுக்கு எடுத்துக்கொண்டார். "அதுக்கு மேல போட்டா என் கைக்காசு போவும். சத்தியமா" என்றார். செப்பை வேண்டாம் என்று டப்பாவை ஜன்னல் மேல் வைத்துவிட்டுப் போனார்.

அண்ணன் அதுவரை அம்மாவிடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்று உயர்த்தினான்.

"உன்ன யாரு கேட்டா? ம்? யாருக்காக ஓடிக்கினு கீறேன் நானு? உனக்காகத்தானே! படுத்துக்கினு இருன்னா படுத்துக்கினு இருக்க முடியாதா? எத்தப் பாத்தாலும் தேய், தேய்! போ, போய் உன் வால்வையும் தேய்!"

அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "நான் அவன்கிட்ட சொல்லிடறேம்மா" என்றேன்.

"வாய மூடு."

"ஏம்மா இப்டிச் சொன்னே?"

சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "நாளைக்கு நீ அவன் ஊட்லதான் சோறு துன்னணும். அவன்தான் உனக்கு மாப்ள பாக்கணும். என் மேல கோவம் இருந்தா என்னோட போயிடும். உன் மேல இருந்தா போவாது. சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன்.

அண்ணன் அலையாத இடமில்லை. கம்பெனி சொசைட்டியில் ஐயாயிரம் கிடைத்தது. கோயிலில் சாமியார் அறிவித்து, துண்டு விரித்து ஆயிரத்து எண்ணூறு சேர்ந்தது. கூட வேலை செய்கிறவர்கள் ஆளுக்கு ஐம்பது, நூறு என்று கொடுத்தார்கள். அக்டோபர் கடைசியில் பன்னிரண்டாயிரம் இருந்தது. அவன் ஆஸ்பத்திரிச் சீட்டைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தான். வியர்வை பட்டு, விலை எழுதியிருந்த மை கலைந்துவிட்டது. ஆனாலும் தூக்கிப் போடவில்லை.

அவன் அம்மாவோடு பேசவில்லை. மாத்திரையை எடுத்துக் கையில் கொடுப்பான், தண்ணீர் கொடுப்பான், போய்விடுவான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு விழுங்குவாள். ஒவ்வொரு முறையும் நான் எதிரில்தான் நின்றேன்.

நவம்பர் முதல் வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஐயப்பன்தாங்கலில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். வியாழக்கிழமை அம்மாவுக்குச் சளி கட்டியது. சனிக்கிழமை அண்ணன் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்து வீட்டு அப்பாவு மாமா மறுபக்கம் பிடிக்க, தண்ணீரில் மெயின் ரோடு வரை தூக்கிக்கொண்டு போனான். திங்கள்கிழமை பகல் பதினொன்றரைக்கு வார்டில் இறந்துபோனாள். அப்போது அண்ணன் மருந்துக் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தான். நான் அவள் கையைப் பிடித்திருந்தேன். கடைசியாகச் சொன்னது, "ஜெயா சாப்ட்டானா?"

அவன் மருந்தோடு வந்தான். என் முகத்தைப் பார்த்தான். மருந்துப் பொட்டலத்தைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தான். "நான் பேசியிருக்கணும் ஞானம்" என்றான். "ரெண்டு மாசமா பேசல. அம்மா தப்பு பண்ணிட்டா, அதுக்குன்னு பேசாம இருந்துட்டேன்." அப்போதாவது சொல்லியிருக்கலாம். சத்தியம் செய்திருந்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது சத்தியத்துக்காக அல்ல. எனக்குப் பயமாக இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முன் சாமியார் ஆள் அனுப்பிக் கேட்டார், விளக்குகளை யாராவது தேய்த்துத் தர முடியுமா என்று. நான் வருகிறேன் என்றேன். சனிக்கிழமை கோயில் கிணற்றடியில் அம்மா உட்காரும் கல்லில் உட்கார்ந்தேன். புளியை ஊறவைத்து, செங்கல்லை இடித்துச் சலித்து வைத்திருந்தேன். பெரிய குத்துவிளக்கின் அடித்தட்டில் ஆறு மாதக் களிம்பு ஏறியிருந்தது. ஓரத்தில் ஆலிலைப் பச்சை, நடுவில் காப்பிக்கொட்டை.

அண்ணன் கிறிஸ்துமஸ் குடிலுக்கு மூங்கில் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தான். நின்று பார்த்தான். அம்மா இறந்த பிறகு அவன் முதல்முறையாகச் சிரித்தது அன்றுதான். சரியாகச் சிரிப்பு வரவில்லை.

"பாத்துத் தேய். அம்மா மாதிரி தேய்க்கக் கூடாதத தேச்சிடப் போறே."

"சரிண்ணே" என்றேன்.

அவன் மூங்கிலைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு போனான். நான் புளியை எடுத்து, பச்சையாக இருந்த இடத்தில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன்.